உங்கள் கம்ப்யூட்டரில் நம் ஊர் பாட்டு இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னை வீட்டிற்கு அழைத்தால், நான் தவறாமல் எட்டிப் பார்ப்பது மியூசிக் போல்டரைத்தான். வாங்கி ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. அதற்குள் ஆயிரம் பாடல்கள் சேர்ந்திருக்கும். இளையராஜா ஹிட்ஸ், ரஹ்மான் ஹிட்ஸ், டி.எம்.எஸ். தத்துவப் பாடல்கள், கொஞ்சம் பக்திப் பாடல்கள். தவறே இல்லை. என் கம்ப்யூட்டரிலும் இவை எல்லாம் உண்டு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஆயிரம் பாடல்களையும் நீங்கள் இன்றே அழித்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கேசட் கம்பெனிகளிடம் இருக்கின்றன. இன்டர்நெட்டில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் பென் டிரைவில் இருக்கின்றன. மாலைக்குள் மீண்டும் சேர்த்துவிடலாம்.

உங்களிடம் மட்டுமே இருந்து, நீங்கள் தொலைத்தால் உலகத்தில் எங்கேயுமே கிடைக்காமல் போகும் பாட்டு எது? அது உங்கள் பரண் மேல் ஒரு அட்டைப் பெட்டியில், பெயர் எழுதாத கேசட்டாகக் கிடக்கலாம். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

மன்றம் இல்லாத பாடகர்கள்

மதுரையில் ரசிகர் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. படம் வெளியாகும் நாளில் கட் அவுட், பாலாபிஷேகம், தோரணம் எல்லாம் நாம் பார்த்தவைதான். ஆனால் இதே ஊரில், சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில், சினிமாவுக்குச் சம்பந்தமில்லாமல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடியவர்கள் எத்தனையோ பேர். கோயில் பொங்கலுக்கு ஒரு மேடை, சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரை மண்டகப்படியில் ஒரு மேடை, கட்சிக் கூட்டம் தொடங்கும் முன் அரை மணி நேரம். இவர்களுக்கு மன்றம் கிடையாது, போஸ்டர் கிடையாது. ஆனால் விடிய விடியக் கேட்ட ரசிகர்கள் உண்டு.

இன்று இதை 'இன்டிபென்டன்ட் மியூசிக்' என்று சொல்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, பலரும் இதை ஏதோ புதிய விஷயம் போலப் பேசினார்கள். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியபோதும் அப்படித்தான். இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் சினிமாவுக்கு வெளியே பாடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

சில பெயர்களைச் சொல்கிறேன். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன், தம்பிகளுடன் ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு ஒலித்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவருடைய தம்பி இளையராஜா 1976ல் 'அன்னக்கிளி' மூலம் சினிமாவுக்கு வரும் முன்பே அவர் மறைந்துவிட்டார்.

இளையான்குடி பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தவர். அவர் 2016ல் மறைந்தார். கலை இலக்கிய இரவு மேடைகளில் தபேலாவை வாசித்துக்கொண்டே பாடிய சங்கரன்கோவில் திருவுடையான், அதே 2016ல் சாலை விபத்தில் போய்விட்டார். மதுரைக்குப் பக்கத்தில் பரவை கிராமத்தைச் சேர்ந்த முனியம்மாவை 2003ல் வந்த 'தூள்' படத்தில்தான் பலர் பார்த்தார்கள். அதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் கிராமத்து மேடைகளில் பாடியவர். 2020ல் அவரும் மறைந்தார்.

இவர்கள் எல்லாம் பெயர் தெரிந்தவர்கள். குணசேகரனுக்குக் கேசட்டுகள் வந்தன. திருவுடையானை வீடியோவில் பார்க்கலாம். முனியம்மாவுக்குச் சினிமா இருக்கிறது. பாவலர் மேடையில் பாடியதையோ, நேரில் கேட்டவர்கள் சொல்லித்தான் நாம் அறிகிறோம். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்ததே 1963ல்தான். அது நம் கிராமங்களுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அது யாருடைய குற்றமும் இல்லை.

ஆனால் 1980க்குப் பிறகு டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பாடியவர்களின் குரலும் காணாமல் போனால், அது நம் குற்றம்தான்.

நான் செய்த தவறு

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருந்தார். பகலில் தையல் மெஷின். இரவில், அழைத்த ஊரில் மேடை. மில் சங்கு பற்றி அவரே எழுதிய பாட்டு ஒன்று உண்டு. மில்லில் ஆட்களைக் குறைத்த காலத்தில், அதைப் பாடினால் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொள்வார்கள். 1994 சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரை மண்டகப்படி ஒன்றில் அவர் பாடியதை என் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தேன். 60 நிமிடக் கேசட், இரண்டு பக்கமும்.

2006ல் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பெரிய சாதனை செய்த பெருமை எனக்கு. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போய்விடுமே என்று 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி, 'டிராக்01', 'டிராக்02' என்று பெயர் கொடுத்து ஒரு போல்டரில் போட்டேன். "இனி இது எதற்கு?" என்று அடுத்த போகிக்குக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். 2009ல் ஹார்ட் டிஸ்க் போனது. வேறு காப்பி கிடையாது. சினிமாப் பாடல்களை ஒரே வாரத்தில் மீண்டும் சேர்த்துவிட்டேன். டெய்லரின் பாட்டு போனது அப்போது என் நினைவுக்குக் கூட வரவில்லை.

2014ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "அண்ணே, அப்பா பாடுன கேசட் உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க. ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?"

கம்ப்யூட்டர் கற்றுக் கொடுப்பவன் என்று தெருவில் எனக்குப் பெயர். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் மைக்செட் போடுகிறவர்கள் சிலர், ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு ஒயர் எடுத்து நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். நான்கைந்து பேரை விசாரித்தேன். கடைசியில் உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு பெரியவரிடம் ஒரு சாக்குப் பை நிறையக் கேசட்டுகள் இருந்தன. எதிலும் பாடகர் பெயர் இல்லை. 'காளியம்மன் பொங்கல், 2ம் நாள்' என்ற அளவில்தான் எழுதியிருந்தது. ஆண்டு கூட இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கேட்டதில் டெய்லரின் இரண்டு பாட்டுகள் கிடைத்தன. மில் சங்குப் பாட்டு அதில் இல்லை.

இருந்ததில் ஜெனரேட்டர் சத்தம். நடுவில், வழியை மறித்து நிற்கும் வேனை எடுக்கச் சொல்லி ஒரு அறிவிப்பு. இரண்டு பாட்டுக்கும் இடையில் டெய்லர் இருமிவிட்டு, மைக்கிலிருந்து தள்ளி யாரிடமோ, "பாப்பா தூங்கிருச்சா?" என்று கேட்கிறார். நான் வழக்கம்போல இதையெல்லாம் வெட்டி, சத்தத்தைக் குறைத்து, பாட்டை மட்டும் எடுத்து வைத்தேன். நல்லவேளையாக, அந்தப் பெண்ணுக்கு முதலில் முழுப் பதிவையும் போட்டுக் காட்டினேன். "பாப்பா தூங்கிருச்சா" வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். அந்தப் பாப்பா அவர்தான். "பாட்டு மட்டும் வேணாம்ணே, அந்தப் பேச்சையும் சேத்தே குடுங்க" என்றார்.

அன்று நான் கற்றுக் கொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை. மெயில் அனுப்பத் தெரிந்தால் போதும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள். கேசட்டும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும். நல்ல நிலையில் இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். பிறகு யாராவது தவறிப் போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டு, திரும்பச் சுற்றிய பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் இளநீல நிறத்தில் ஒரு துளை இருந்தால் அதுதான் லைன் இன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் அல்லது லைன் அவுட் துளையிலிருந்து அங்கே ஒயரை இணைத்திடுங்கள். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. அதில் இணைத்தால் சத்தம் கரகரக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன் இன் கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். லைன் இன் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்திட ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். 2000ஆம் ஆண்டு முதல் கிடைத்து வருகிறது. சிவப்பு வட்டத்தை அழுத்தினால் பதிவு தொடங்கும். ஒலி அளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொடாமல், மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கும்படி வால்யூமைக் குறைத்துக் கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது வேவ் பைலாகவே சேமியுங்கள். நிமிடத்துக்கு 10 எம்.பி.க்குச் சற்று அதிகமாகும். 60 நிமிடக் கேசட்டுக்குச் சுமார் 630 எம்.பி. "அவ்வளவா?" என்று பயப்பட வேண்டாம். ஒரு டெராபைட் டிஸ்க்கில் இப்படி 1,500 கேசட்டுகள் அடங்கும். அதே கேசட் 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 58 எம்.பி.தான். ஆனால் எம்பி3 ஆக்கும்போது ஒலியில் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். கேட்கவும் அனுப்பவும் எம்பி3, பாதுகாக்க வேவ் என்று வைத்துக் கொள்ளுங்கள். இருமல், அறிவிப்பு, ஜெனரேட்டர் என்று எதையும் மூலப் பதிவில் வெட்டாதீர்கள். வெட்டுவதெல்லாம் காப்பியில் இருக்கட்டும்.

அடுத்தது பெயர். 'டிராக்01' என்பது பெயரே அல்ல. '1994-04 வைகை மண்டகப்படி, பாடகர் பெயர், பக்கம் 1' என்று எழுதுங்கள். விண்டோஸில் பைலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆண்டை முன்னால் போட்டால் பைல்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். அதே போல்டரில் நோட்பேடில் ஒரு குறிப்பு: பாடியவர், எழுதியவர், பறை அல்லது தபேலா வாசித்தவர், பதிவு செய்தவர், எந்த ஊர், என்ன விழா. இதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். சாக்குப் பையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடியவன் சொல்கிறேன்.

கடைசியாகக் காப்பி. மூன்று காப்பிகள் இருக்க வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். பாடகரின் குடும்பத்திடம் ஒரு காப்பி கொடுத்துவிட்டால் மூன்றாவது கணக்கு சரியாகிவிடும். அவர்களுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துவிடும். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

"யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே!"

இதைச் சொன்னால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இல்லை. யாரோ ஒருவர் ஏற்றியதுதான் அங்கே இருக்கிறது. அவர் நீக்கிவிட்டால் இல்லை. நீங்கள் உள்ளூர்ப் பாடகர் ஒருவரின் பெயரைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

இப்போது எல்லோரும் செல்போனில்தான் பதிவு செய்கிறார்கள். கேசட் காலத்தை விட இது மோசம் என்பேன். கேசட்டாவது பரணில் கிடந்தது. போனை மாற்றினால் பதிவும் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவை அனுப்பினால் அளவு சுருங்கி, தரம் குறைந்துதான் போய்ச் சேரும். திருவிழா முடிந்த மறுநாளே போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, மூலப் பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

"இதைச் செய்வது சட்டப்படி சரியா?" என்பது இரண்டாவது கேள்வி. நல்ல கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மேடையில் பாடுகிறவருக்கும் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஒரு நிகழ்ச்சியை உங்கள் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதை, இந்த உரிமையை மீறியதாகச் சட்டம் கருதுவதில்லை. ஆனால் அதை இன்டர்நெட்டில் ஏற்றுவதும், சிடி போட்டு விற்பதும் வேறு. பாட்டை எழுதியவருக்கும் உரிமை உண்டு. எனவே பாடியவரையோ குடும்பத்தையோ கேட்காமல் வெளியிடாதீர்கள். சட்டத்தை விடுங்கள். ஒரு இரவுக்குச் சில நூறு ரூபாய் வாங்கிப் பாடியவரின் குரலை, அவருக்குத் தெரியாமல் உங்கள் சேனலில் போட்டு விளம்பரப் பணம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

கேட்டுச் செய்தால் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. கிரேட்புல் டெட் என்ற ராக் குழு, ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதை அனுமதித்தது. 1984 முதல் அவர்கள் மைக்குடன் உட்காரத் தனி இடமே ஒதுக்கியது. ரசிகர்கள் தங்களுக்குள் கேசட்டுகளை மாற்றிக் கொண்டார்கள், விற்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. 2002ல் இன்டர்நெட் ஆர்க்கைவ், அனுமதி தந்த குழுக்களின் கச்சேரிகளுக்கு மட்டும் ஒரு பகுதியைத் தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் இருக்கின்றன. எந்த கம்பெனியும் சம்பளம் கொடுத்துச் செய்த வேலையல்ல இது.

அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையிலேயே, காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்கள். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வயலில் நடவு நட்ட பெண்களின் பாட்டு நமக்குக் கிடைத்ததற்கு இவர்களைப் போன்றவர்கள்தான் காரணம். ஆனால் ஒரு மாவட்டம் முழுவதையும் இரண்டு பேர் திரட்டி முடிக்க முடியுமா? உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

"யார் கேட்கப் போகிறார்கள்?"

மூன்றாவது கேள்வி இது. இதற்கு மட்டும் என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. எங்கள் தெரு டெய்லரின் பாட்டை லட்சம் பேர் கேட்கப் போவதில்லை. ஒருவர் கேட்டு வந்தார். அவருக்குக் கொடுக்க என்னிடம் இல்லை.

கட் அவுட் வைப்பவர் மட்டும்தான் ரசிகர் என்று நான் நினைக்கவில்லை. பாடியவர் போன பிறகும் அவர் குரலை வைத்திருந்து, கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுப்பவரே எனக்குப் பெரிய ரசிகர். அதற்கு வேண்டிய கருவி இப்போது உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

இந்த மாதம் ஒரே ஒரு கேசட் எடுங்கள். உங்களிடம் இல்லையென்றால் உங்கள் ஊர் மைக்செட்காரரைப் போய்ப் பாருங்கள். மில் சங்குப் பாட்டை நான் இன்னும் தேடிக் கொண்டுதான் இருக்கிறேன். மதுரைப் பக்கத்தில் யாருடைய பெட்டியிலாவது, பெயர் எழுதாத கேசட்டில் அது இருக்கும் என்றே நம்புகிறேன்.